மீண்டும் ஒரு கடுதாசி

(ஜனக்புரியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "மாமா, இருபது நிமிஷம் பேசுங்கள். உங்கள் கடுதாசியைப் பற்றிச் சொன்னால் போதும்" என்றார். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இருபது நிமிஷம் முகவுரைக்கே போதாது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

வெளியூர் அங்கத்தினர்கள் இதை நம் பத்திரிகையில் படிக்கப் போகிறார்கள். ஆகையால் முதலில் கடுதாசி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1984 ஜனவரியில் ஜனக்புரியில் டி.டி.ஏ. ஃப்ளாட்டுக்குக் குடிவந்தேன். அந்த வருஷம் நவம்பர் முதல் வாரத்தில் மேற்கு டில்லி எப்படி இருந்தது என்பது இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எதிர் வீட்டு சர்தார்ஜி குடும்பம் மூன்று நாள் எங்கள் உள் அறையில் இருந்தது. பால் இல்லை, பஸ் இல்லை. நம் மனுஷாள் யார் எந்த ப்ளாக்கில் இருக்கிறார்கள், யார் வீட்டில் டெலிபோன் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. எல்லாம் அடங்கிய பிறகு சைக்கிளில் சுற்றி ஒரு பட்டியல் தயார் செய்தேன். முப்பத்தொரு வீடு, அதில் ஆறு வீட்டில் டெலிபோன். அதைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். அதுதான் முதல் கடுதாசி.

அடுத்த மாதம் பட்டியலோடு கொஞ்சம் சமாசாரமும் சேர்ந்தது. நல்ல காப்பிப் பொடி எங்கே கிடைக்கிறது, ஆவணி அவிட்டத்துக்கு வாத்தியார் எத்தனை மணிக்கு வருவார், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். ஒரு தாள், இரண்டு பக்கம். இப்போதைய பிள்ளைகளுக்கு சைக்ளோஸ்டைல் என்றால் தெரியாது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு எழுத்தாணியால் எழுத வேண்டும். எழுதிய இடத்தில் மெழுகு விலகும். உருளையில் மாட்டிச் சுற்றினால் விலகிய இடத்தின் வழியாக மட்டும் மை இறங்கும். தப்பாக எழுதிவிட்டால் நகப்பூச்சு மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, அது காய்கிறவரை காத்திருந்து, மேலேயே திரும்ப எழுத வேண்டும். அதனால் யோசித்து எழுதினோம் என்பது ஒரு லாபம். இருபது வருஷம் நடந்தது.

2004-ல் நிறுத்திவிட்டேன். எல்லார் வீட்டிலும் டெலிபோன் வந்துவிட்டது, பிள்ளைகள் ஈ-மெயில் கற்றுக் கொடுத்துவிட்டார்கள். இனி எதற்கு ஒரு கிழவன் சைக்கிளில் காகிதம் கொண்டு வரவேண்டும் என்று தோன்றியது. நான் அப்போது கிழவன் இல்லை, இருந்தாலும் அப்படித் தோன்றியது. ஏன் நின்றது என்று நாலு பேர் கேட்டார்கள். பிறகு அவர்களும் மறந்துவிட்டார்கள்.

பதினேழு வருஷம் கழித்து, 2021 மே மாதம். டில்லியில் அந்த ஏப்ரல், மே மாதங்களை விவரிக்க வேண்டியதில்லை. இந்த ஹாலில் யாரையாவது இழக்காத குடும்பம் அநேகமாக இல்லை. எங்கள் ப்ளாக்கிலிருந்து நாலு சந்து தள்ளி எனக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரிந்த ஒரு பெரியவர் காலமானார். எனக்கு அது தெரிந்தது பதினோராம் நாள், வாத்தியார் சொல்லித்தான். பிள்ளை வெளிநாட்டில், விமானம் இல்லை. மாமிக்கும் ஜுரம். மாமாவின் கைபேசி அணைந்து கிடந்தது, மாமிக்கு அதை உபயோகிக்கத் தெரியாது. இரண்டு நாள் பிஸ்கெட்டைத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டிருக்கிறார். அந்த நாட்களில் நம் வாட்ஸ்ஆப் குழுவில் என்ன வந்தது என்று பிறகு பின்னோக்கிப் பார்த்தேன். ஒரே நாளில் நாற்பத்தேழு செய்தி. கஷாயம் செய்முறை, ஜோஸ்யம், யாரோ ஒரு டாக்டர் சொன்னதாக ஒரு புரளி, கைகூப்பிய படங்கள். எங்கிருந்தோ வந்தவை, எங்கோ போகிறவை. நாலு சந்து தள்ளி இருந்த வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

பழைய பெட்டியைத் திறந்து 1984-ல் எழுதிய பட்டியலைப் பார்த்தேன். அந்த வீடு ஏழாவது எண்ணில் இருந்தது.

திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. ஆனால் தைரியம் வரவில்லை. எழுபது வயதுக்கு மேல், நின்றுபோன ஒன்றைத் தூசி தட்டினால் ஊர் சிரிக்காதா? அதே மே மாதத்தில் சென்னையில் ஸ்ரீ வி. கல்யாணம் தமது 98-ஆம் வயதில் காலமான செய்தியைப் படித்தேன். காந்திஜியின் கடைசி வருஷங்களில் அவருக்கு அந்தரங்கச் செயலாளராக இருந்தவர். தமிழர், பிறந்தது சிம்லாவில். சர்க்காரே கோடைக்குச் சிம்லா ஏறி, குளிருக்கு டில்லி இறங்கிய அந்தக் காலத்து வடக்கத்தித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளை. காந்திஜியின் கடிதங்களை டைப் அடித்த கை அது. அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, காந்திஜியின் பத்திரிகைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் ஊரடங்கில் படித்தேன். இந்தப் பேச்சில் பாதி அதுதான். காந்திஜியிடம் எனக்கு எல்லாவற்றிலும் சம்மதம் என்று நினைத்துவிட வேண்டாம்.

பத்திரிகை என்று பெயரே தவிர, அவர் நடத்தியது கடிதம். தென்னாப்பிரிக்காவில் 1903 ஜூன் மாதம் "இண்டியன் ஒப்பீனியன்" ஆரம்பித்தபோது இங்கிலீஷ், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என்று நாலு பாஷையில் வந்தது. நஷ்டம் வந்தது, வக்கீல் தொழிலில் சம்பாதித்ததை அதில் கொட்டினார். ஒரு சமயம் மாதம் 75 பவுன் வரை அனுப்ப வேண்டியிருந்தது என்று சுயசரிதையில் கணக்குச் சொல்கிறார். வாசகர்கள் அவருக்கு எழுதுவார்கள், திட்டுவார்கள், ஆறுதல் கேட்பார்கள். அவர் ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுவார். அந்தக் கடிதங்களைப் படித்துத்தான் அந்த ஊர் இந்தியர்களின் மனதைத் தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார். பின்னால் "யங் இந்தியா", "நவஜீவன்" இரண்டிலும் விளம்பரம் வாங்கவே மறுத்தார். நம் கடுதாசியில் ஒரு பக்கத்தை விற்கலாமே என்று யோசனை சொன்ன நண்பருக்கு இது பதில்.

"ஹரிஜன்" வாரப் பத்திரிகையின் முதல் இதழ் 1933 பிப்ரவரி 11-ஆம் தேதி பூனாவிலிருந்து வெளிவந்தது. காந்திஜி அப்போது எரவாடா சிறையில். ஆசிரியர் ஆர். வி. சாஸ்திரி. பிறகு கொஞ்ச காலம் சென்னையிலிருந்தும் வந்தது. எதற்காக ஆரம்பிக்கப்பட்டது என்பதை நம் சபையில் கொஞ்சம் தயங்கித்தான் சொல்ல வேண்டும். தீண்டாமையை ஒழிக்க, கோவில்களை எல்லோருக்கும் திறந்துவிட. நம் தாத்தாக்களில் பலர் அதை எதிர்த்தவர்கள். என் தாத்தாவும்தான். அதே நம் சமூகத்திலிருந்து மதுரை வைத்தியநாதய்யர் 1939 ஜூலை 8-ஆம் தேதி மீனாக்ஷியம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட சகோதரர்களை அழைத்துக்கொண்டு போனார். உறவினர் பலருடைய பகையை அதற்காகச் சம்பாதித்துக்கொண்டார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பத்திரிகை ஆரம்பித்த விதம் இல்லை. நின்று நின்று திரும்பி வந்த விதம். 1940-ல் சத்தியாக்கிரகச் செய்திகளை சர்க்காரிடம் காட்டி அனுமதி பெற்றுத்தான் அச்சிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாதிப் பத்திரிகை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். 1942 ஜனவரியில் திரும்ப ஆரம்பித்தார். ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு", கைது, பத்திரிகை மறுபடி நின்றது. அந்தச் சிறைவாசத்தின் முதல் வாரத்திலேயே, ஆகஸ்ட் 15-ஆம் தேதி, இருபத்தைந்து வருஷம் கூடவே இருந்து எழுதிய மகாதேவ் தேசாய் ஆகா கான் மாளிகையில் காலமானார். 1944 பிப்ரவரி 22-ஆம் தேதி கஸ்தூர்பாவும் அங்கேயே போய்விட்டார். 1946 பிப்ரவரி 10-ஆம் தேதி "ஹரிஜன்" மூன்றாவது முறை உயிர் பெற்றபோது காந்திஜிக்கு வயது 76. வலது கையாக இருந்தவர் இல்லை, மனைவி இல்லை. தேசம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரமே பம்பாயில் கடற்படைக் கலகம் வெடித்தது. மார்ச்சில் காபினெட் மிஷன் டில்லி வந்து இறங்கியது.

இப்படி ஒரு சமயத்தில் திரும்பி வந்த பத்திரிகையில் அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் என்னை அசர வைத்தது மற்றவை. உணவுப் பஞ்சம் வருகிறது, ஆகவே விருந்துகளைக் குறையுங்கள், பூந்தோட்டம் இருந்தால் காய்கறி போடுங்கள், தானியத்தை வீணாக்காதீர்கள் என்று எழுதினார். இயற்கை வைத்தியம் பற்றி, ராம நாமம் பற்றி எழுதினார். யாரோ எங்கிருந்தோ கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதினார். வைஸ்ராயோடு பேசுகிற மனுஷன், ஒரு வாசகரின் சின்னச் சந்தேகத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். அந்த மாதங்களில் அவர் டில்லியில் தங்கியது மந்திர் மார்க்கில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் உள்ள வால்மீகி கோவிலில். நம் பிள்ளைகள் பலர் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கும் அதே சாலை. எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. 2021-க்குப் பிறகுதான் போனேன்.

இன்னொன்று. சுதந்திரம் வந்த அதே ஆகஸ்ட் கடைசியில், கல்கத்தாவில் இருந்துகொண்டு, "ஹரிஜன்" இனியும் வேண்டுமா என்று வாசகர்களையே கேட்டு எழுதினார். தினமும் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுவதைத்தான் மற்றப் பத்திரிகைகள் போடுகின்றனவே, பிறகு இது எதற்கு என்பது அவர் சந்தேகம். பதில்கள் வந்தன. பெரும்பாலோர் வேண்டும் என்றார்கள். தொடர்ந்தார். நான் 2004-ல் யாரையும் கேட்காமல் நிறுத்தியதை நினைத்துக்கொண்டேன்.

டில்லித் தமிழர்களுக்கு இதில் சொந்த உதாரணமும் உண்டு. "கணையாழி" 1965-ல் இந்த ஊரில்தான் பிறந்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் டில்லி நிருபராக இருந்த கி. கஸ்தூரி ரங்கன் ஆரம்பித்தார். விமானத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சுஜாதா, ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் அதன் கடைசிப் பக்கத்தை எழுதினார். ஆபீஸ் முடிந்து வந்தவர்கள் கூடிச் செய்த காரியம், தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. பலர் கடைசிப் பக்கத்தில்தான் படிக்க ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் அங்கே ஒரு ஆள் பேசுவான். அந்தப் பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு சுந்தர காண்டம்தான் ஞாபகம் வரும். ஆஞ்சநேயர் எத்தனை வார்த்தை சொன்னாலும் சீதைக்குச் சந்தேகம். மோதிரத்தைப் பார்த்த பிறகுதான் இது இன்னாரிடமிருந்து வந்தது என்று நம்பிக்கை. ஜனகன் பெயரில் உள்ள ஊரில் இருக்கிற நாம் இதை மறக்கலாமா? வாட்ஸ்ஆப்பில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை, மோதிரம்தான் இல்லை.

சரி, 2021 ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆரம்பித்தேன். எழுத்தாணி போய் லேசர் பிரிண்டர். நாற்பத்துநாலு பிரதி. இப்போது அறுபத்தெட்டு. தபாலில் போடுவதில்லை, கதவடியில் தள்ளுவதுமில்லை. மணி அடித்துக் கையில் கொடுக்கிறோம். நானும் கூட இரண்டு பிள்ளைகளும். இதை வெளியூர் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். கடுதாசியில் இருப்பது பாதிதான், மீதி அந்த மணி அடிப்பதில் இருக்கிறது. கதவு திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோம். இந்த நாலைந்து வருஷத்தில் இரண்டு தடவை அப்படி விசாரித்ததில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நேர்ந்தது. இரண்டு பேரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். ஒருவர் இதோ மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஒரு விஷயம் சொல்லலாமா? கல்கண்டு காய்ச்சும்போது பாகு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஒரு நூலைத் தொங்கவிடுவார்கள். சர்க்கரை அதைப் பற்றிக்கொண்டுதான் கட்டி கட்டியாகச் சேரும். வாயில் நூல் தட்டுப்பட்டு நாம் துப்பியிருக்கிறோம். அந்த நூலுக்கு இனிப்பு கிடையாது. என் கடுதாசியும் படிப்பதற்கு அப்படி ஒன்றும் ருசியாக இருக்காது.

இனி நான் செய்த தப்பு.

கடுதாசியில் "க்ஷேம சமாசாரம்" என்று ஒரு பகுதி உண்டு. உபநயனம், விவாகம், ஷஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம், பேரன் பேத்தி பிறந்தது. 2023-ல் நம் அங்கத்தினர் வீட்டுப் பெண் ஒருத்தியின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நம்மவர் இல்லை. எனக்குத் தகவல் வந்தது, அழைப்பிதழ்கூட வந்தது. நான் போடவில்லை. வேண்டுமென்று விடவில்லை என்று சொன்னால் அது பொய். எதற்கு வம்பு, பெற்றவர்களுக்கும் சங்கடமாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு விட்டேன். அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் பாட்டி ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி அனுப்பினார். "என் பேத்தி பிறந்தபோது கடுதாசியில் போட்டீர்கள். அவள் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினபோது போட்டீர்கள். கல்யாணத்துக்கு மட்டும் அவள் ஜனக்புரிப் பெண் இல்லையா?"

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஊரடங்கில் உட்கார்ந்து "ஹரிஜன்" கதையை அவ்வளவு ரசித்துப் படித்தவன் நான். அந்தப் பத்திரிகை எதற்காக ஆரம்பிக்கப்பட்டது என்பதை மட்டும் படித்தும் படிக்காதவனாக இருந்திருக்கிறேன். என் தாத்தா கோவில் வாசலில் செய்ததை நான் ஒரு தாளில் செய்திருக்கிறேன். மகாதேவ் தேசாய் இல்லாமல், கஸ்தூர்பா இல்லாமல் ஒரு 76 வயது மனுஷர் திரும்ப ஆரம்பித்தாரே என்று உருகியவனுக்கு, ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரு வரி எழுதத் தைரியம் வரவில்லை.

அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே போட்டேன். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், நடந்த இடம், தேதி. சென்ற மாதம் விட்டது என் தப்பு, காரணம் என் கோழைத்தனம் என்றும் எழுதினேன். பாட்டியின் நாலு வரியை அவருடைய அனுமதியோடு அப்படியே அச்சிட்டேன்.

மூன்று பேர் இனி எங்கள் வீட்டுக்குக் கடுதாசி வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு அவர்கள் நியாயம். ஒருவர் என்னோடு முப்பது வருஷம் ஒரே பஸ்ஸில் சென்ட்ரல் செக்ரடேரியட் போனவர். சாஸ்திரத்தைக் காப்பாற்றுகிற சங்கம் என்று நினைத்தேனே, நீயுமா என்று கேட்டார். நான் வாதம் செய்யவில்லை. சாஸ்திரம் எனக்கு அவரைவிடக் குறைவாகத்தான் தெரியும். நான் நடத்துவது யார் எந்த வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்கிற ஒரு தாள். அதில் ஒரு வீட்டை விட்டால் 2021 மே மாதத்தில் விட்ட அதே வீடாகிவிடும் என்று மட்டும் சொன்னேன். அது அவருக்குச் சமாதானமாக இல்லை. இன்னொரு வேடிக்கை. அதே மாதம் ஐந்து புது வீட்டிலிருந்து கடுதாசி கேட்டு வந்தார்கள். அதில் மூன்று வீட்டில் கல்யாணம் செய்து போன பிள்ளையையோ பெண்ணையோ பற்றி இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். நாலு சந்துக்குள்தான் எல்லாரும்.

வெளியூர் அங்கத்தினர்களுக்கு நடைமுறை விஷயம் இரண்டு. ஒன்று, ஒரு ஆள் கையெழுத்துப் போட்டு எழுதட்டும். கமிட்டி எழுதினால் சர்க்குலர் ஆகிவிடும், சர்க்குலர் எழுதியே வயிறு வளர்த்தவன் சொல்கிறேன், அதை யாரும் படிப்பதில்லை. இரண்டு, அறுபது எழுபது வீட்டுக்கு மேல் போகாதீர்கள். ஒரு காலை நேரத்தில் நடந்து முடிக்கிற அளவு. அதற்கு மேல் இருந்தால் இன்னொருவர் இன்னொரு கடுதாசி ஆரம்பிக்கட்டும். துவாரகாவில் ஒரு அம்மாள் போன வருஷம் ஆரம்பித்திருக்கிறார். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, சமையல் குறிப்பு வேறு வருகிறது.

வேண்டாம் என்ற மூன்று பேரில் இரண்டு பேர் இந்த வருஷம் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பஸ் நண்பர் இன்னும் கேட்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். அவர் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் கைகூப்புவேன், அவரும் கைகூப்புவார். அவருக்கு ஒரு பிரதி மாதாமாதம் பையில் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

அடுத்த கடுதாசிக்குச் சமாசாரம் தர வேண்டியவர்கள், விலாசம் மாறியவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் வாசலில் இருக்கும் மேஜையில் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவுக்கு நூல் கட்டியிருக்கிறது, தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நமஸ்காரம்.